உங்க தெரு யாருக்காகப் போடப்பட்டது? – ஒரு சாலையின் வேலையும் அதன் வடிவமும்

கூகுள் மேப்பைத் திறந்து சென்னையைப் பாருங்கள். ஓ.எம்.ஆர். ஒரு கோடு. தி.நகர் பாண்டி பஜார் ஒரு கோடு. நொச்சிக்குப்பம் லூப் ரோடு ஒரு கோடு. உங்க வீட்டுத் தெருவும் ஒரு கோடுதான். கோட்டின் தடிமன் கொஞ்சம் மாறும். டிராஃபிக் இருந்தால் சிவப்பாகும், இல்லாவிட்டால் பச்சையாகும். அவ்வளவுதான்.

வழி காட்டும் மேப்புக்கு இது போதும். ஆனால் சாலை போடுகிறவர்களும் இதே கண்ணால் பார்க்க ஆரம்பித்தால்தான் சிக்கல். சிவப்பாக இருக்கும் எல்லாக் கோட்டையும் பச்சையாக்க வேண்டும் என்பதே ஒரே குறிக்கோளாகிவிடும். மீன் விற்பவர், ஸ்கூல் விட்டு வரும் பிள்ளை, பஸ்சுக்கு நிற்பவர், சக்கர நாற்காலியில் வருபவர் என்று யாருமே அந்தக் கோட்டில் தெரியமாட்டார்கள்.

அப்படித் தெரியாமல் போவதற்கு ஒரு விலை இருக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 32,825 பேர் பாதசாரிகள். ஒரு நாளைக்குச் சுமார் 90 பேர். வண்டி ஓட்டாமல், வெறுமனே நடந்து போனவர்கள். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதலிடம்: 64,105.

"டிரைவர் சரியா ஓட்டணும், ஜனங்க பாத்து நடக்கணும்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் ஒரு சாலையில் எவ்வளவு வேகமாகப் போகத் தோன்றும், எங்கே கடக்கத் தோன்றும், நடைபாதையில் நடக்கவா ரோட்டில் இறங்கவா என்பதையெல்லாம் பெரும்பாலும் முடிவு செய்வது அந்தச் சாலையின் வடிவம்தான். எப்படி என்று பார்க்கலாம் வாங்க.

ஒரு சாலைக்கு எத்தனை வேலை?

இரண்டு. ஒன்று, ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இன்னொன்று, அங்கேயே இருக்க விடுவது. நிற்பது, வாங்குவது, விற்பது, பேசுவது, காத்திருப்பது, கோலம் போடுவது, கல்யாணத்துக்குப் பந்தல் போடுவது எல்லாம் இந்த இரண்டாவது கணக்கில் வரும்.

போக்குவரத்துத் திட்டமிடலில் இதைத் தெளிவாகச் சொன்னவர்களில் ஒருவர் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பேராசிரியர் பீட்டர் ஜோன்ஸ். அவரும் இன்னும் இருவரும் சேர்ந்து 2007-ல் இதைப் பற்றி ஒரு கையேடே எழுதினார்கள். ஒவ்வொரு சாலைக்கும் 'இணைப்பு' என்ற வகையில் எவ்வளவு முக்கியத்துவம், 'இடம்' என்ற வகையில் எவ்வளவு முக்கியத்துவம் என்று தனித்தனியாக மதிப்பிட வேண்டும் என்பது அதன் சாரம். லண்டன் நகரம் பின்னாளில் இதே வழியில் தன் சாலைகளை ஒன்பது வகையாகப் பிரித்துக்கொண்டது. ஒவ்வொரு வகைக்கும் வேறு வேறு எதிர்பார்ப்பு, வேறு வேறு வடிவம்.

பெயர்தான் புதுசு. விஷயம் நமக்குப் பழசு. மதுரையை நினைத்துப் பாருங்கள். மீனாட்சி அம்மன் கோவிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி என்று அடுக்கடுக்காகப் போகும். பெயரே மாதத்திலிருந்தும் திருவிழாவிலிருந்தும் வருகிறது. சித்திரைத் திருவிழாவில் தேர் ஓடுவது மாசி வீதிகளில். தேர் ஓட வேண்டுமானால் அகலம் வேண்டும், முனையில் திரும்ப இடம் வேண்டும், பார்க்க வருகிற கூட்டம் நிற்க ஓரம் வேண்டும். சாலையின் வேலை முதலில், அதற்கேற்ற அளவு பிறகு. கார் வந்த பிறகு இந்த வரிசையை நாம் தலைகீழாக்கிவிட்டோம்.

அகலமாக்கினால் நெரிசல் குறையாதா?

"ரோடு சின்னது, அதான் டிராஃபிக். இன்னும் பத்தடி எடுத்தா சரியாயிடும்." நெரிசலில் நிற்கும்போது நமக்கே இப்படித் தோன்றும். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதல் விஷயம், புனல். நம் ஊரில் ஒரே சாலை இங்கே 14 மீட்டர் இருக்கும், நூறடி தள்ளி 9 மீட்டராகும், மறுபடி 12 ஆகும். அகலமான இடத்தில் நான்கு வரிசையாகப் போகும் வண்டிகள் குறுகலான இடத்தில் இரண்டு வரிசையாகச் சேர வேண்டும். அங்கேதான் முட்டல், ஹாரன், நெரிசல். புனலின் வாயை எவ்வளவு பெரிதாக்கினாலும் அடிக்குழாய் விடுகிற தண்ணீர்தான் வெளியே வரும். ஆகவே, சாலை நெடுகிலும் வண்டிப் பாதையை ஒரே அகலத்தில் வைத்துவிட்டு, மீதி இடத்தை நடைபாதைக்கும் மரத்துக்கும் பார்க்கிங்குக்கும் கொடுப்பதே நல்ல வடிவமைப்பு. பெங்களூரில் 'டெண்டர் ஷ்யூர்' திட்டத்தில் மாற்றிக் கட்டப்பட்ட சாலைகளில் பின்பற்றப்பட்ட அடிப்படை இதுதான்.

இரண்டாவது விஷயம், கணக்கு. வட அமெரிக்க நகரப் போக்குவரத்து அதிகாரிகளின் கூட்டமைப்பான நாக்டோ ஒரு ஒப்பீட்டை வெளியிட்டிருக்கிறது. ஒரே ஒரு லேன் அகலத்தில், ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் போக முடியும்? கார்கள் என்றால் 600 முதல் 1,600 பேர். பஸ்சுக்கென்று தனி லேன் விட்டால் 4,000 முதல் 8,000 பேர். அதே அகலத்தை நடைபாதையாக்கினால் சுமார் 9,000 பேர் வரை. வண்டிகளை எண்ணினால் கார் லேன் பிஸியாகத் தெரியும். ஆட்களை எண்ணினால் அதுதான் ரொம்பக் குறைவாக வேலை செய்கிற லேன்.

60 அடி ரோட்டில் என்னவெல்லாம் அடங்கும்?

நகரத்தில் சாலை வடிவமைப்பு என்பது மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவது மாதிரி. வரவு மாறாது. ஒன்றுக்குக் கூடுதலாகக் கொடுத்தால் இன்னொன்றில் குறையும்.

ஒரு 60 அடி ரோட்டை எடுத்துக்கொள்வோம். சுவரிலிருந்து சுவர் வரை 18 மீட்டர். வழக்கமாக என்ன செய்வோம்? நடுவில் 14 மீட்டருக்குத் தார். இரண்டு பக்கமும் மிஞ்சிய இரண்டிரண்டு மீட்டரில் நடைபாதை. அந்த நடைபாதையிலேயே டிரான்ஸ்ஃபார்மர், மின்பெட்டி, விளக்குக் கம்பம், மரம், குப்பைத் தொட்டி, கடையின் படிக்கட்டு. நடக்க மிஞ்சுவது சில இடங்களில் ஒன்றரை அடி. ஜனங்கள் ரோட்டில் இறங்குவார்கள். பார்க்கிங்குக்கு இடம் ஒதுக்காததால் தாரின் இரண்டு ஓரத்திலும் வண்டிகள் நிற்கும். கடைசியில் ஓடுவதற்குக் கிடைப்பது நடுவில் இரண்டு வரிசைதான்.

இப்போது அதே 18 மீட்டரைத் திட்டமிட்டுப் பிரிப்போம். வண்டிகளுக்குப் போக ஒன்று, வர ஒன்று என மூன்றரை மீட்டர் வீதம் 7 மீட்டர். பஸ் தாராளமாகப் போகும். மிச்சம் 11 மீட்டர், ஒரு பக்கத்துக்கு ஐந்தரை. அதில் சுவரை ஒட்டி அரை மீட்டர் கடை வாசலுக்கும் படிக்கும். அடுத்து இரண்டரை மீட்டர் நடப்பதற்கு மட்டும். அதற்கும் வண்டிப் பாதைக்கும் நடுவில் மீதி இரண்டரை மீட்டர் 'எல்லாவற்றுக்குமான பட்டை'. மரம், விளக்கு, மின்பெட்டி, பஸ் ஸ்டாப், ஆட்டோ ஸ்டாண்ட், தள்ளுவண்டி, பார்க்கிங் எல்லாம் அந்தப் பட்டைக்குள்ளேயே மாறி மாறி வரும்.

ஓடும் வண்டிகளுக்கு இரண்டு வரிசைதான் கிடைத்தது. முன்பும் உண்மையில் அதுதானே கிடைத்தது? ஆனால் இப்போது நடப்பவருக்கு இடம் உண்டு, கடைக்காரருக்கு இடம் உண்டு, நிறுத்தவும் இடம் உண்டு.

இந்த அளவுகள் யாரோ கனவு கண்டவை இல்லை. இந்திய சாலைகள் காங்கிரஸ், அதாவது ஐ.ஆர்.சி., 2012-ல் வெளியிட்ட பாதசாரிகளுக்கான வழிகாட்டி நெறியே நடப்பதற்கான தடையற்ற அகலம் குறைந்தது 1.8 மீட்டர் என்கிறது. இரண்டு சக்கர நாற்காலிகள் எதிரெதிரே கடக்க அது தேவை. கடைத்தெருவில் இன்னும் அதிகம். நடைபாதையின் உயரம் 15 செ.மீட்டருக்கு மேல் போகக் கூடாது. நம் ஊரில் முழங்கால் உயரத்துக்குக் கட்டிவிட்டு, வீட்டுக்கு வீடு சரிவு வைத்து வெட்டிவிடுகிறோம். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, "இதுக்கு ரோட்லயே நடக்கலாம்" என்று பாட்டி முடிவெடுப்பதில் ஆச்சரியமில்லை.

பாண்டி பஜார்: 'இடம்' ஜெயித்த கதை

தி.நகரின் தியாகராய சாலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் அதைக் கடந்து போக வருகிறவர்கள் இல்லை. அங்கேயே இறங்கி, சுற்றி, வாங்கிப் போக வருகிறவர்கள். அப்படியானால் அந்தச் சாலையின் முதல் வேலை எது? 'இடம்' என்று பதில் சொல்லிவிட்டால் வடிவம் தானாக வந்துவிடும்.

ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின்கீழ் சுமார் 40 கோடி ரூபாய் செலவில் மாற்றியமைக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம் 2019 நவம்பரில் திறக்கப்பட்டது. வண்டிப் பாதை குறுகியது. நடைபாதை பல மடங்கு அகலமானது. உட்கார இருக்கைகள், குழந்தைகள் விளையாட இடம், மர நிழல் எல்லாம் வந்தன. அகலமான நடைபாதையிலிருந்து சம உயரத்திலேயே சாலையைக் கடக்க மேடை போன்ற கிராசிங் அமைக்கப்பட்டது. இதில் நடப்பவர் இறங்கி ஏற வேண்டாம். வண்டிதான் ஏறி இறங்க வேண்டும், ஆகவே வேகம் குறைக்கும்.

முக்கியமான ஒரு பாடம்: எடுத்த எடுப்பில் கான்கிரீட் போடவில்லை. முதலில் தற்காலிகத் தடுப்புகளை வைத்துச் சில நாட்கள் ஓட்டிப் பார்த்தார்கள். "வண்டி வராட்டி வியாபாரம் படுத்துடும்" என்ற பயத்துக்கு வாய்வழிச் சமாதானத்தைவிட, கண்முன் நடக்கும் ஒரு சோதனை நல்ல பதில்.

எல்லாம் சரியாகிவிட்டதா? இல்லை. நடைபாதையில் பைக் ஏறுவதும் நிறுத்துவதும் தொடர்ந்து புகாராக வந்துகொண்டிருக்கிறது. காரைத் தடுக்கக் குட்டையான தூண்களை நட்டுவிடலாம். ஆனால் சக்கர நாற்காலி போகிற இடைவெளியில் ஸ்கூட்டரும் போய்விடும். இந்தியத் தெருக்களுக்கே உரிய சங்கடம் இது. கட்டுமானத்தால் மட்டும் தீராது. தினமும் கண்காணிக்கவும் அபராதம் போடவும் ஆள் வேண்டும். ரிப்பன் வெட்டியதோடு வேலை முடிந்துவிடாது.

இன்னொரு கேள்வியும் உண்டு. பாண்டி பஜாரின் அடையாளமே நடைபாதைக் கடைகள்தான். அந்த வியாபாரிகள் 2013-லேயே ஒரு மாடிக் கட்டடத்துக்கு மாற்றப்பட்டுவிட்டார்கள். நடந்து வரும் கூட்டத்தை நம்பிய வியாபாரத்தை மாடியேற்றினால் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அழகான நடைபாதையில் வியாபாரிக்கென்று அளந்துவிட்ட இடம் இல்லாவிட்டால், அவர் அளக்காத இடத்தில் வந்து உட்காருவார். 2014-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தெரு வியாபாரிகள் சட்டம் அவர்களைக் கணக்கெடுத்து, விற்பதற்கான பகுதிகளை ஒதுக்கச் சொல்வது இதனால்தான்.

ஓ.எம்.ஆர்.: இரண்டு வேலையும் ஒரே தாரில்

மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி வரை சுமார் 20 கி.மீ. ஆறு வழிச் சாலையாக 2008-ல் திறக்கப்பட்டபோது ராஜீவ் காந்தி சாலைக்கு வைத்த செல்லப் பெயர் 'ஐ.டி. எக்ஸ்பிரஸ்வே'. பெயரிலேயே வேலை இருக்கிறது: வேகமாகப் போவது. ஆனால் அதன் இரண்டு பக்கமும் வந்தவை என்ன? ஐ.டி. வளாகங்கள், காலேஜ், ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், பிரியாணிக் கடை, டீக்கடை. எல்லாமே மனிதர்கள் இறங்கி நடக்கும் இடங்கள். வேகமாகப் போக ஒரு சாலை, மெதுவாக இருக்க ஒரு தெரு. இரண்டையும் ஒரே தாரில் போட்டால், வேகமும் கிடைக்காது, பாதுகாப்பும் கிடைக்காது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆறு லேன், ஒவ்வொன்றும் மூன்றரை மீட்டர், மொத்தம் 21 மீட்டர். விநாடிக்கு 1.2 மீட்டர் நடக்கும் இளைஞருக்கு அதைக் கடக்க 17 விநாடிக்கு மேல். விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் முதியவருக்கு 26 விநாடி. அத்தனை நேரம் வண்டிகள் நிற்க வேண்டும். நிற்க வைக்கும் சிக்னல் இல்லாவிட்டால் ஓட வேண்டும்.

"அதான் நடைமேம்பாலம் இருக்கே?" லாரி, பஸ் அடியில் போக வேண்டும் என்பதால் மேம்பாலத்தில் ஏறக்குறைய 6 மீட்டர் ஏற வேண்டும். 15 செ.மீ. படி என்றால் 40 படி. பிறகு 40 படி இறக்கம். லிஃப்ட் ஓடினால் சரி. ஓடாத நாளில் முழங்கால் வலிக்காரருக்கும், குழந்தையைத் தூக்கி வருபவருக்கும், இரவு ஷிஃப்ட் முடிந்து தனியாக வரும் பெண்ணுக்கும் அந்தப் பாலம் இருந்தும் இல்லாததுதான். வண்டியில் இருப்பவர் ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்தினால் போதும். நடப்பவர் இரண்டு மாடி ஏற வேண்டும். எந்தச் சிரமத்தை யார் தலையில் வைக்கிறோம் என்பதே இங்கே முடிவு.

இதற்கு நேர் எதிரான நல்ல உதாரணமும் நம்மிடம் உண்டு. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தி.நகர் பஸ் நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை 2023 மே மாதம் திறக்கப்பட்டது. அது சாலையைக் கடக்க வைக்கும் பாலம் அல்ல. ரயிலிலிருந்து பஸ்சுக்கு, ரங்கநாதன் தெரு நெரிசலில் மாட்டாமல் அரை கிலோ மீட்டருக்கு மேல் நேராக நடந்துபோகும் பாதை. மேலே ஏறுவதில் ஒரு லாபம் இருப்பதால் மக்கள் ஏறுகிறார்கள்.

ஓ.எம்.ஆர். மாதிரியான சாலைக்கு வழி என்ன? நடுவில் வேகமாகப் போகும் பகுதி, ஓரத்தில் மெதுவாகப் போகும் சர்வீஸ் ரோடு, இரண்டுக்கும் நடுவில் மரங்களும் பஸ் ஸ்டாப்பும் இருக்கும் பட்டை. பஸ் ஸ்டாப் இருக்கும் இடத்திலேயே சிக்னலோடு தரைமட்டக் கிராசிங். நடு மீடியனில் நின்று மூச்சு விட இடம். 21 மீட்டரை ஒரே மூச்சில் கடப்பதற்குப் பதில், பத்தரை பத்தரையாகக் கடக்கலாம். மெட்ரோ பணிகள் முடிந்து சாலையைத் திரும்பப் போடும்போது இதையெல்லாம் செய்யாவிட்டால், மெட்ரோவிலிருந்து இறங்குபவர்களும் இதே சாலையில்தான் ஓட வேண்டியிருக்கும்.

லூப் ரோடு: எளிதான விடை இல்லாத இடம்

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் பக்கமாகக் கடலை ஒட்டிப் போகிறது லூப் ரோடு. ஒரு பக்கம் நொச்சிக்குப்பம் உள்ளிட்ட மீனவக் குப்பங்கள், மறுபக்கம் படகும் கடலும். மீனவர்களுக்கு அது கரையும் வீடும் சந்தையும் சேர்ந்த இடம். சாந்தோம் நெடுஞ்சாலை நெரிசலைத் தவிர்க்க நினைக்கும் வாகன ஓட்டிகளுக்கு அது குறுக்கு வழி.

2023 ஏப்ரலில், சாலையோர மீன் கடைகளால் நெரிசல் ஏற்படுவதாகச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. மாநகராட்சி கடைகளை அகற்றத் தொடங்கியது. மீனவர்கள் சாலையை மறித்துப் போராடினார்கள். அவர்கள் தரப்பு வாதம் எளிமையானது: "எங்க கரைக்கு நடுவுலதான் ரோடு வந்துச்சு. ரோட்டுக்கு நடுவுல நாங்க வரல." பிறகு பல கோடி ரூபாய் செலவில், 360-க்கும் மேற்பட்ட கடைகளோடு நவீன மீன் அங்காடி கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

இங்கே யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்பு சொல்வது சுலபமில்லை. ஆனால் 'இந்தச் சாலையின் வேலை என்ன?' என்ற கேள்வியைத் தார் போடுவதற்கு முன்பே கேட்டிருக்கலாம். குப்பத்துக்கான தெரு என்று முடிவு செய்திருந்தால், வண்டிகள் 20, 30 கி.மீ. வேகத்தில் தயங்கித் தயங்கிப் போகும்படியும், ஓரத்தில் மீன் விற்க மேடையும் தண்ணீரும் கழிவுநீர் வடிகாலும் வரும்படியும் வரைந்திருப்பார்கள். புறவழிச் சாலை என்று முடிவு செய்திருந்தால், அந்தக் கரையில் வாழ்பவர்களிடம் முதலிலேயே பேசி, ஈடு என்ன என்று ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். எதையும் முடிவு செய்யாமல் சாலை போட்டால், அந்த முடிவைப் பிறகு புல்டோசரும் நீதிமன்றமும் எடுக்க வேண்டி வருகிறது.

உங்க வீட்டுத் தெருவுக்கு இது பொருந்துமா?

இங்கேதான் அதிகம் பொருந்தும். குடியிருப்புத் தெருவுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலை மிகக் குறைவு. ஆகவே வேகமே தேவையில்லை.

வேகத்தின் விலை என்ன? ஓட்டுநர் ஆபத்தைப் பார்த்து பிரேக்கை மிதிக்க ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். காய்ந்த ரோட்டில் 30 கி.மீ. வேகத்தில் போகும் கார் நிற்க சுமார் 13 மீட்டர் போதும். 50 கி.மீ. என்றால் சுமார் 28 மீட்டர். கேட்டைத் திறந்து பந்துக்குப் பின்னால் ஓடி வரும் குழந்தை 15 மீட்டர் தூரத்தில் இருந்தால்? முதல் கார் நின்றுவிடும். இரண்டாவது கார் அப்போதுதான் பிரேக் பிடிக்கத் தொடங்கியிருக்கும். கார் மோதும் வேகம் 50-லிருந்து 65 கி.மீட்டராக உயர்ந்தால், பாதசாரி இறக்கும் வாய்ப்பு நாலரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சென்னையில் 2023 நவம்பர் முதல் குடியிருப்புப் பகுதிகளில் வேக வரம்பு 30 கி.மீ. ஆனால் போர்டு வைத்தால் மட்டும் வேகம் குறையாது. அகலமாக, நேராக, வழவழவென்று கிடக்கும் தெரு "மிதிடா" என்றுதான் சொல்லும். தெருமுனையைக் கொஞ்சம் குறுக்கினால், வண்டி திரும்பும்போது தானாக மெதுவாகும். ஸ்கூல் வாசலில் கிராசிங்கை மேடையாக உயர்த்தினால் யாரும் வேகத்தோடு தாண்ட முடியாது. இதெல்லாம் முதுகை உடைக்கும் திடீர் ஸ்பீடு பிரேக்கரைவிட எவ்வளவோ மேல்.

சரி, பார்க்கிங்குக்கு எங்கே போவது?

நடைபாதைப் பேச்சு எடுத்தாலே வரும் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் நிறுத்தி வைத்த ஒரு கார் எடுத்துக்கொள்வது சுமார் 12 சதுர மீட்டர். சென்னையில் அந்த அளவு இடத்துக்கு வாடகை என்ன என்று யோசியுங்கள். அதைத் தெருவில் இலவசமாகக் கொடுக்கிறோம். இலவசமாகக் கிடைக்கும் எதுவும் சீக்கிரம் தீரும்.

பாண்டி பஜார் திட்டத்தோடு சேர்த்து, தணிகாசலம் சாலையில் சுமார் 200 கார்களும் 500 பைக்குகளும் நிறுத்தும் அளவுக்குப் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டப்பட்டது. ஆனால் தெருவில் சும்மா நிறுத்த முடியும் என்றால் காசு கொடுத்து யார் மாடியேற்றப் போகிறார்கள்? நெரிசலான கடைத்தெருவில் தெருவோரப் பார்க்கிங் கட்டணம் கட்டடத்தின் கட்டணத்தைவிட அதிகமாக இருந்தால்தான் கணக்கு சரியாக வரும்.

அதோடு, பஸ்சில் வருகிறவருக்குப் பார்க்கிங்கே தேவையில்லை. 2021-லிருந்து பெண்கள் நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணிக்கிறார்கள். ஆனால் பஸ்சில் போகும் ஒவ்வொருவரும் ஏறுவதற்கு முன்பும் இறங்கிய பின்பும் பாதசாரி. டிக்கெட்டை இலவசமாக்கிவிட்டு ஸ்டாப்புக்குப் போகும் வழியை ஆபத்தாக வைத்திருந்தால், பாதி வேலைதான் செய்திருக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டத்துக்குக் குறைவில்லை. மோட்டார் இல்லாப் போக்குவரத்துக்கென்று தனிக் கொள்கையை 2014-லேயே ஏற்றுக்கொண்ட மாநகராட்சி சென்னை. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதத்தை நடைபாதை, சைக்கிள் வசதிகளுக்கு ஒதுக்குவதும், 2018-க்குள் குறைந்தது 80 சதவீதச் சாலைகளில் நடைபாதை அமைப்பதும் அதன் இலக்குகள். அந்த இலக்கு எட்டப்பட்டதா என்பதை உங்கள் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நடந்தாலே தெரிந்துகொள்ளலாம்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்கள் அனைவரும் அணுகும்படி இருக்க வேண்டும் என்கிறது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. தடையில்லாத, மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தக்கூடிய நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று சொல்லி, அதற்கான வழிகாட்டு நெறிகளை உருவாக்க மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. இனி நடைபாதை என்பது நிதி மிஞ்சினால் செய்யும் அலங்காரம் கிடையாது.

பிறகு ஏன் நடக்கவில்லை? ஒரே சாலையில் தார் போடுவது ஒரு துறை, மழைநீர் வடிகால் ஒரு துறை, குடிநீர்க் குழாய் ஒரு வாரியம், மின்கம்பி ஒரு வாரியம், சிக்னல் போலீஸ், பஸ் ஸ்டாப் இன்னொருவர். ஒருவர் மூடியதை இன்னொருவர் தோண்டுவார். தெருவின் மேற்பரப்பை வரைவதற்கு முன் அதன் அடியில் எது எங்கே போகிறது என்று ஒரே வரைபடத்தில் முடிவு செய்யாவிட்டால், எவ்வளவு அழகான நடைபாதையும் அடுத்த மழைக்காலத்துக்குள் பள்ளமாகிவிடும்.

உங்க தெருவுக்கு ஒரு பரீட்சை

அடுத்த முறை உங்கள் பகுதியில் சாலைப் பணி தொடங்கும்போது இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

1. இந்தச் சாலையில் வருகிறவர்களில் கடந்து போகிறவர்கள் அதிகமா, இங்கேயே வேலை உள்ளவர்கள் அதிகமா?

2. வண்டிகளை எண்ணியிருக்கிறார்கள், சரி. நடப்பவர்கள், பஸ்சில் வருபவர்கள், சைக்கிளில் போகிறவர்கள், தெரு வியாபாரிகளை எண்ணினார்களா?

3. ஸ்கூல் பையோடு எட்டு வயதுப் பிள்ளை துணையில்லாமல் இதில் நடந்து போக முடியுமா? இரவு பத்து மணிக்கு ஒரு பெண்?

4. சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ ரோட்டில் இறங்காமல் தெருக்கோடி வரை போகுமா?

5. மக்கள் ஏற்கெனவே கடக்கும் இடத்தில் கிராசிங் இருக்கிறதா, அல்லது அவர்கள் சுற்றிப் போக வேண்டுமா?

6. மரம், மின்பெட்டி, கடை, பார்க்கிங் ஒவ்வொன்றுக்கும் வரைபடத்தில் பெயர் சொல்லி இடம் இருக்கிறதா?

7. கட்டி முடித்த பிறகு யார் பராமரிப்பார்கள்?

இதையெல்லாம் யாரிடம் கேட்பது? சென்னையில் உடைந்த நடைபாதை, ஆக்கிரமிப்பு போன்ற புகார்களுக்கு மாநகராட்சியின் 1913 எண் இருக்கிறது. ஆனால் புகார் என்பது நடந்து முடிந்ததற்கு. வரைபடம் உருவாகும்போதே பேச வேண்டுமானால் வார்டு கவுன்சிலரும், 2022-லிருந்து தமிழ்நாட்டு நகரங்களில் கூட்டப்படும் ஏரியா சபையும்தான் இடம். கிராம சபை மாதிரி நகரத்துக்கு வந்த சபை அது. "எங்க தெருவுக்கு ரோடு போடுங்க" என்று கேட்க நிறையப் பேர் வருவார்கள். "எப்படிப் போடப் போறீங்க, பிளானைக் காட்டுங்க" என்று நான்கு பேர் கேட்டால் கதை மாறும்.

ஒரு முறை போட்ட சாலையின் வடிவம் அடுத்த இருபது, முப்பது வருடத்துக்கு அப்படியே நிற்கும். அத்தனை வருடமும் அதில் எத்தனை பேர் பத்திரமாக வீடு திரும்புவார்கள் என்பதில் பெரும்பங்கு, தார் கொட்டுவதற்கு முன்னால் மேஜையில் விரியும் அந்த ஒரு தாளில் முடிவாகிவிடுகிறது. அந்தத் தாளைப் பார்க்கக் கேட்பது நம் உரிமை.